பலகை காலியாக இருந்த நாள்

மெய்யநாதன் அண்ணனிடம் மணி என்ன என்று கேட்டால்கூட வாயால் சொல்லமாட்டார். ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை நீட்டி, கட்டியிருக்கிற கடிகாரத்தை நம் பக்கம் திருப்பி, "நான் சொல்றதை நம்பாதீக, இதைப் பாத்துக்குங்க" என்பார்.

அவர் எங்கள் செக்காலைப் பக்கத்துக் கிளை நூலகத்தின் நூலகர். சொந்த ஊர் காளையார்கோவில். ஒல்லியான ஆள். நெற்றியில் திருநீறும் சட்டைப்பையில் சாக்பீஸ் துண்டும் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. சதுர்த்திக்குச் சதுர்த்தி பிள்ளையார்பட்டிக்குச் சைக்கிளிலேயே போய்விட்டு, வந்த வேர்வையோடு நூலகத்தைத் திறப்பார். எனக்கு அவர் உறவுமில்லை, ஒரே தெருவுமில்லை. ஆனால் என் வாழ்க்கையில் மிகவும் பயந்து கிடந்த நாட்களில் அல்லாஹ்வுக்கு அடுத்தபடியாக நான் போய் நின்றது அவருடைய ஜன்னலில்தான். அதனால் அவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நூலகம் இருந்தது ஒரு செட்டியார் வீட்டின் முன்பக்கத்தில். வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருந்ததால் அந்தப் பகுதியை மட்டும் வாடகைக்கு விட்டிருந்தார்கள். உள்ளே நீளமான இரண்டு பெஞ்சு, பேப்பர் படிக்கிற ஆண்கள். பெண்கள் உள்ளே போகக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் யாரும் போகமாட்டோம். பக்கவாட்டுச் சந்தில் ஒரு ஜன்னல் இருந்தது. அங்கே நின்று கேட்டால் அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். புத்தகங்கள் கம்பி இடுக்கு வழியாகத்தான் வரும். தடித்த புத்தகம் வராது. மெலிந்த புத்தகமாகப் படித்துப் படித்தே நான் எழுத்துக்கூட்டுவதை விட்டேன்.

எல்லாரும் எல்லாவற்றையும் அவரிடம்தான் கேட்போம். ராமேஸ்வரம் போக மானாமதுரையில் எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும், பினாங்குக் கப்பல் எந்த வாரம் புறப்படுகிறது, ரேஷன் கார்டில் பிள்ளை பெயரைச் சேர்க்க யாருக்கு எழுத வேண்டும், கோழிக்குக் கழிச்சல் வந்தால் என்ன கொடுக்கலாம். நோன்பு மாதத்தில் சூரியன் மறையும் நேரத்தை நாங்கள் கேட்பதற்கு முன்பே பார்த்து வைத்திருப்பார். எதைக் கேட்டாலும் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் திறந்து, நம் பக்கம் திருப்பி, வரிக்குக் கீழே விரலை வைப்பார். படிக்கத் தெரியாதவர்களுக்கும் அப்படித்தான். அவர்களும் பெரிய மனுஷர்கள் மாதிரி குனிந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

இதை வைத்து ஊரில் கேலிக்குப் பஞ்சமில்லை. மெய்யநாதனுக்குப் பெண் பார்த்தாகிவிட்டதா என்று கேட்டாலும் அலமாரியைத் திறந்து பார்த்துத்தான் சொல்லுவார் என்பார்கள். அவர் சிரித்துக்கொள்வார். வேலைக்கு வந்த புதிதில் யாருக்கோ ரயில் நேரத்தை மனதிலிருந்து சொல்லிவிட்டாராம். அந்தக் குடும்பம் கைப்பிள்ளையோடு மானாமதுரை ஸ்டேஷனில் விடியவிடிய உட்கார்ந்திருந்ததாம். அன்றிலிருந்து மனசை நம்புவதில்லை என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. காலையில் பேப்பர் வந்ததும் அதிலிருந்து நாலைந்து சேதியைப் பொறுக்கி, கோலம் போடுகிற மாதிரி நிதானமாக எழுதுவார். கீழே ஒரு கோடு போட்டு நூலகச் செய்தி. புதிதாக என்ன புத்தகம் வந்தது, யார் நன்கொடை கொடுத்தார்கள், எந்த நாள் விடுமுறை என்று இருக்கும். அச்சில் வராத ஒன்றையும் அவர் பலகையில் எழுதியதில்லை. அதனால் பலகையில் இருந்தால் அது நடந்தது என்று ஊர் நம்பும்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். நூலகத்து அங்கத்தினர் யாராவது காலமாகிவிட்டால் அன்றைக்கு ஒன்றும் எழுதமாட்டார். ஈரத்துணியால் பலகையைச் சுத்தமாகத் துடைத்துக் காலியாக விட்டுவிடுவார். இதற்கும் ஊர் பழகிவிட்டது. பலகை கறுப்பாக இருந்தால் போகிற வருகிறவர்கள் நின்று, "இன்னைக்கு யாரு?" என்று கேட்டுவிட்டு, அந்த வீட்டுக்குப் போவதற்கு மேல்துண்டை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள்.

என் வீட்டுக்காரர் ஹபீப் ரகுமான் அப்போது கோலாலம்பூரில் ஒரு துணிக்கடையில் இருந்தார். எங்கள் பக்கத்தில் சபராளி வீடு என்பார்கள், ஆம்பிளை கடல் கடந்து பிழைக்கிற வீடு. மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் வருவார். ஒரு தரம் வந்திருந்தபோது எனக்காகத் தம் பெயரில் நூலகத்தில் அங்கத்தினராகச் சேர்ந்து சீட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சீட்டில்தான் நான் புத்தகம் வாங்குவேன்.

அறுபத்தொன்பதாம் வருஷம் மே மாதம் அங்கே கலவரம் வெடித்தது. பலகையில்தான் முதலில் பார்த்தேன். "கோலாலம்பூரில் கலவரம். ஊரடங்கு உத்தரவு. தபால் தந்தி தடைப்பட்டுள்ளது." மூன்றே வரி. புளி வாங்கப் போனவள் புளியை வாங்காமல் திரும்பி வந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை. ஆனாலும் மெய்யநாதன் அண்ணன் வந்து திறந்திருந்தார். சந்து முழுக்கப் பெண்கள். மலேயாவில் ஆள் வைத்திருக்கிற வீடு எங்கள் பக்கத்தில் கொஞ்சமா? வெள்ளைத் துப்பட்டி போட்ட எங்கள் ஆட்களும் செட்டிவீட்டு ஆச்சிமாரும் ஒரே ஜன்னலில் முட்டிக்கொண்டு நின்றோம். எனக்குப் பக்கத்தில் நாகம்மை ஆச்சி. அவுக மகனும் கோலாலம்பூரில்தான், ஒரு வட்டிக்கடையில் கணக்குப்பிள்ளை. கலவரம் நடக்கிற இடத்துக்கும் எங்கள் ஆட்கள் இருக்கிற கடைக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டோம். அவர் பெரிய தேசப்படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது கம்பிக்குள் வராது. உள்ளே இருந்தபடியே விரித்துப் பிடித்தார். கோலாலம்பூர் அதில் ஒரு புள்ளி, கடுகில் பாதி. அந்தப் புள்ளிக்குள் எது எரிகிறது, எது எரியவில்லை என்று யார் சொல்வது? அவருடைய விரல் புள்ளியின்மேல் வந்து நின்றது. புள்ளி மறைந்துவிட்டது.

வீட்டில் மாமியார் அஜீஸா மாமி தொழுகைப் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. எனக்கும் ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தால் எடுக்க மனசு வரவில்லை. என்ன துஆ கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. அவரைக் காப்பாற்று என்று கேட்க வாய் வரும், ஏற்கெனவே ஏதும் நடந்திருந்தால் அந்தத் துஆ எங்கே போகும் என்று பாதியில் நிறுத்திவிடுவேன்.

இரண்டு நாளில் வதந்தி வந்துவிட்டது. எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த சாதிக் அலி பாய் மெட்ராஸ் போய்விட்டு வந்தவர், தமிழாட்கள் கடைவரிசை முழுக்க எரிந்துவிட்டதாகத் துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள் என்று சொன்னார். அவருடைய மச்சினனும் அங்கே இருந்தான். அவர் நேராக நூலகத்துக்குப் போய் அதைப் பலகையில் எழுதச் சொல்லியிருக்கிறார். எந்தப் பேப்பரில் வந்திருக்கிறது என்று மெய்யநாதன் அண்ணன் கேட்டிருக்கிறார். நாங்கள் சந்தில் நின்றிருந்ததால் அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் காதில் விழுந்தது.

"எங்க ஆளுக அங்கிட்டு வெந்துக்கிட்டு இருக்காக. உமக்கு அச்சடிச்ச தாளு வேணுமாக்கும்?" என்றார் சாதிக் அலி பாய்.

"தாளு வேணும் பாய். நான் எழுதிட்டா இந்த ஊரு அதைச் சாவுன்னே எடுத்துக்கும்."

"உம்ம வீட்டு ஆளு அங்கே இருந்தா இப்படிப் பேசுவீரா?"

சாதிக் அலி பாய் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிய அண்ணனுடைய முகத்தில் ரத்தமே இல்லை. அன்றைய பேப்பரை மடித்துக் கம்பி வழியாக நீட்டினார். "நிலைமை அடங்கி வருகிறது" என்று இருந்தது. அதையேதான் பலகையிலும் எழுதியிருந்தார்.

திங்கள்கிழமை காலை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி கையில், மௌத்தான வீட்டில் ஓதுகிற யாசீன் கிதாபு. எனக்குக் கை நின்றுவிட்டது. மாமி பாயிலிருந்து எழுந்து வந்து ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார்கள். கடைசியில் ஒருத்தி சொன்னாள்.

"லைப்ரரிப் பலகை காலியா இருக்காம் மாமி."

அந்த ஒரு வரி போதும். பலகை காலி என்றால் அங்கத்தினர் ஒருவர் இல்லை. உள்ளூரில் சாவு எதுவும் இல்லை, இருந்தால் தெரிந்திருக்கும். மலேயாவில் இருக்கிற அங்கத்தினர் ஒருத்தர்தான். சாதிக் அலி பாய்தான் காலையில் கடை திறக்கப் போகும்போது பலகையைப் பார்த்துவிட்டு இப்படிக் கூட்டிக் கணக்குப் போட்டிருக்கிறார். கெட்ட எண்ணம் இல்லை. அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

மாமி அப்படியே சரிந்து உட்கார்ந்தார்கள். "என் புள்ளையைத் தின்னுட்டியா மலேயா" என்று ஒரே ஒரு தரம்தான் சொன்னார்கள். வயதான ஒரு பெண்மணி என்னிடம் நகர்ந்து வந்து, ஆறுதலாகத்தான், என் கழுத்துக் கருகமணியில் கையை வைத்தார். கல்யாணத்தன்று கட்டிய மணி. அதைக் கழற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. அந்தக் கையை மெதுவாக விலக்கினேன்.

"கேக்காம கழட்டமாட்டேன்" என்றேன். "அண்ணங்கிட்டப் போயி கேட்டுட்டு வாரேன்."

துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தேன். அந்தத் தெருவை எத்தனையோ தரம் நடந்திருக்கிறேன், அன்றைக்கு அது முடியவே இல்லை. வழியெல்லாம் அந்தப் பலகையில் ஏதாவது ஓர் எழுத்து இருக்க வேண்டும், ஒரு புள்ளியாவது இருக்க வேண்டும் என்று ஓதிக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால் கறுப்பாகத்தான் இருந்தது. ஈரம் காய்ந்து ஒரு மூலையில் மட்டும் வெள்ளையாகத் திட்டு.

நாகம்மை ஆச்சி வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவுக மகன் அங்கத்தினர் இல்லை. ஆனாலும் ஒரே ஊர், ஒரே நெருப்பு. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் சந்துக்குப் போகவில்லை. நேராக முன்வாசல் வழியாக உள்ளே போனேன். ஆச்சியும் கூட வந்தார்கள். பெஞ்சில் இருந்த ஆண்கள் பேப்பரை இறக்கிவிட்டு எழுந்து நின்றார்கள்.

மெய்யநாதன் அண்ணன் மேஜையில் இரண்டு பேப்பரைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"யாருண்ணே?" என்று கேட்டேன்.

"என்னம்மா யாரு?"

"பலகை காலியா இருக்கு. எங்க வீட்ல யாசீன் ஓத வந்து உக்காந்திருக்காக. யாருன்னு சொல்லிருங்க."

அவர் பலகையின் பக்கம் திரும்பினார். அங்கிருந்து பார்த்தால் பலகையின் முதுகுதான் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

நடந்தது இதுதான். அன்றைக்கு வந்த இரண்டு பேப்பரில் ஒன்று அமைதி திரும்பியது என்கிறது, இன்னொன்று மறுபடி தீ வைப்பு என்கிறது. எது சரி என்று அவருக்குத் தெரியவில்லை. "நிலைமை அடங்கி வருகிறது" என்ற பழைய வரி பொய்யாகிவிட்டால் என்ன செய்வது என்று அதை முதலில் துடைத்துவிட்டார். மதுரை பஸ்ஸில் வருகிற இன்னொரு பேப்பரையும் பார்த்துவிட்டு எழுதலாம் என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். காலிப் பலகைக்கு இந்த ஊரில் என்ன அர்த்தம் என்பது, அதை ஏற்படுத்தியவருக்கே அந்தக் கவலையில் மறந்துபோயிருந்தது.

"யாரும் இல்லம்மா" என்றார். "யாரும் சாகலை. இல்லை, அதுவும் எனக்குத் தெரியாது. தங்கச்சி, எனக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியாததுனாலதான் எழுதலை."

"தெரியலைன்னா அதையே எழுத வேண்டியதுதானே மெய்யநாதா" என்றார்கள் நாகம்மை ஆச்சி. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்கள்.

அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். எழுதும்போது இரண்டு தரம் சாக்பீஸ் ஒடிந்தது. அவர் எழுத்து அப்படிக் கோணி நான் பார்த்ததில்லை. "மலேயா: இரண்டு பத்திரிகைகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. எது சரி என்று நூலகருக்குத் தெரியவில்லை. நம் அங்கத்தினர் யாரும் இறந்ததாகச் செய்தி இல்லை." எழுதி முடித்துவிட்டு, என்னோடு வீடு வரைக்கும் வந்தார். வாசலில் நின்றபடி மாமியிடம், தம்முடைய தப்பு என்று கையைக் கூப்பினார். மாமி அவரை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி இருந்தது.

ஆனால் பயம் போய்விட்டதா? சாவு இல்லை என்று யாரும் சொல்லவில்லையே. சாவு என்று செய்தி இல்லை, அவ்வளவுதான். யாசீன் கிதாபோடு வந்தவர்கள் கிதாபை மூடிக்கொண்டு எழுந்து போனார்கள். கதவை முழுக்கச் சாத்த எனக்கு மனமில்லை. ஒருவேளை மறுபடி வரவேண்டியிருக்குமோ என்று அவர்களும் நினைத்திருப்பார்கள், நானும் நினைத்தேன். அன்றிலிருந்து தினமும் பலகையில் மலேயாவுக்கு ஒரு வரி இருந்தது. ஒன்றும் இல்லாத நாளில் "இன்று புதிதாக ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதினார். அதைப் படிக்கவும் கூட்டம் நின்றது.

பிறகு ஒரு பகலில் தபால்காரர் தந்தி கொண்டுவந்தார். தந்தி என்றாலே எங்கள் வீடுகளில் நல்லதுக்கு வந்ததில்லை. மாமி அதைத் தொட விடவில்லை. பிரிக்காதே, பிரிக்காத வரைக்கும் அவன் இருக்கிறான் என்றார்கள். பிரித்தாலும் எனக்கு என்ன விளங்கும்? அது இங்கிலீஷ். தபால்காரர் படிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒட்டியபடியே எடுத்துக்கொண்டு சந்து ஜன்னலுக்கு ஓடினேன். அங்கே வழக்கம்போல நாகம்மை ஆச்சி நின்றிருந்தார்கள். மடித்த தாள் கம்பி இடுக்கில் சுலபமாகப் போய்விட்டது.

மெய்யநாதன் அண்ணன் பிரித்தார். படித்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்ததால் கையைத்தான் பார்த்தேன். பழக்கத்தில் அந்தத் தாளை என் பக்கம் திருப்பி, வரிக்குக் கீழே விரலை வைத்தார்.

"நான் சொல்றதை" என்று ஆரம்பித்தவர் நின்றார். எனக்கு அந்த எழுத்துத் தெரியாது என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. விரல் தாள்மேலேயே இருந்தது.

"நான் சொல்றதை நம்புங்க தங்கச்சி" என்றார். "சுகமா இருக்காரு. கடை போயிருச்சு. ஆளு சுகம். காயிதம் பின்னால வருதாம்."

நான் அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆச்சி தம் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்கள். அவுகளுக்குத் தந்தி வரவில்லை.

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போனார், நாங்களும் சந்திலிருந்து அங்கே வந்தோம். தந்தி அச்சில் வந்தது என்று கணக்கு வைத்துக்கொண்டாரோ என்னவோ, ஒரு தனி மனுஷர் வீட்டுச் சேதியை அவர் பலகையில் எழுதியது அதுதான் முதல் தரம். நூலகச் செய்தி என்று கோடு போட்டு, "அங்கத்தினர் ஹபீப் ரகுமான் கோலாலம்பூரில் நலம்" என்று எழுதினார். பழைய நிதானமான எழுத்து. எழுதி முடித்து அடுத்த சேதியை அதை ஒட்டி எழுதக் கையை எடுத்தார். அப்போது ஆச்சி சொன்னார்கள்.

"கொஞ்சம் எடம் விட்டு எழுது மெய்யநாதா. எம் மகன் பேரும் வரணும்ல."

அவர் தலையாட்டிவிட்டு, இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விட்டு, அதற்குக் கீழேதான் மற்றதை எழுதினார். மறுநாள் பலகையைத் துடைத்தபோதும் என் வீட்டுக்காரர் பெயரையும் அந்த இரண்டு விரல் இடத்தையும் தொடவில்லை. துணியை அதைச் சுற்றிக் கொண்டுபோய்த் துடைத்தார். நானும் தினமும் ஆச்சியோடு போய் நின்றேன். எனக்குச் சேதி வந்துவிட்டது என்பதற்காக வீட்டில் இருக்க முடியவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், அந்த இடம் வீணாகவில்லை. ஆச்சிக்குக் கடிதம் வந்த அன்று, அதில் அவுக மகன் கையெழுத்தைக் கம்பி வழியாகத் திருப்பிக் காட்டி, "பாத்துக்க" என்றார்கள். அண்ணன் பார்த்துவிட்டுத்தான் அந்த இடத்தில் எழுதினார்.